சத்தம் கேக்குது, கதை விளங்குதில்லை

கண்ணுக்கு இமை இருக்கிறது. வாய்க்கு உதடு இருக்கிறது. காதுக்கு மட்டும் இறைவன் கதவு வைக்கவில்லை. நாம் உறங்கும்போதும் அது விழித்திருக்கிறது. சுபஹ் பாங்கு சொன்னதும் கண் விழிக்கிறோம். இரவு முழுவதும் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்த மின்விசிறி நம்மை எழுப்பவில்லை. இரண்டு ஓசைகளும் ஒரே வழியால்தான் உள்ளே போயின. ஒன்றை மூளை வேண்டியது என்று எடுத்துக்கொண்டது. மற்றதை வேண்டாம் என்று விட்டுவிட்டது. கேட்டல் என்பது காதோடு முடிந்துவிடும் காரியம் அல்ல என்பதற்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

உயர்தர வகுப்பில் புலனங்கங்கள் பற்றிப் படித்தபோது, காதின் படத்தை வரைந்து பெயரிட்டால் புள்ளி கிடைக்கும் என்ற அளவில்தான் எல்லோரும் அதைப் படித்தோம். எனக்கு அந்தப் படம் வீட்டுக்குள்ளும் கூடவே வந்தது. காரணம், எங்கள் உம்மும்மா. அவருடைய காது மெல்ல மெல்ல எங்களை விட்டு விலகிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே இந்தக் கட்டுரையில் பாடமும் இருக்கும், உம்மும்மாவும் இருப்பார். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

முதலில் ஒலி. தைப் பொங்கல் காலத்தில் வடமராட்சிப் பக்கம் போனவர்கள் பட்டத்தில் கட்டும் 'விண்'ணை அறிவார்கள். மூங்கில் வில்லில் இழுத்துக் கட்டிய ஒரு நாடா. காற்று அதன் மேல் ஓடும்போது நாடா துடிக்கிறது. அந்தத் துடிப்பு அருகிலுள்ள காற்றை நெருக்கியும் தளர்த்தியும் விடுகிறது. அந்த நெருக்கம் அடுத்த காற்றுக்கும், அதற்கு அடுத்த காற்றுக்குமாகக் கைமாறி வந்து சேர்கிறது. இரவு முழுவதும் வானத்தில் விண் கூவுகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். நம் வெயிலில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் தூரம் ஓடுகிறது. மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை மூன்று செக்கன் எண்ணினால், அது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

செவிச்சோணை பிடித்துத் தரும் ஒலி, ஏறத்தாழ இரண்டரைச் சென்றிமீற்றர் நீளமான குழாயினூடாகப் போய்ச் செவிப்பறை மென்சவ்வைத் தட்டுகிறது. மிக மெல்லிய ஓசைக்கு அந்தச் சவ்வு அசையும் தூரம் ஓர் அணுவின் விட்டத்தை விடவும் குறைவு. சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்று உருவத்தைக் கொண்டே பெயர் பெற்ற மூன்று எலும்புகள் அந்த அசைவை உள்ளே கடத்துகின்றன. ஏந்தி நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. நீளம் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர். காற்றில் வந்த அதிர்வை உட்காதில் உள்ள பாய்பொருளுக்குக் கொடுப்பது எளிதல்ல. கிணற்றுக்குள் தலையை முக்கியபடி மேலே நிற்பவர் கதைப்பதைக் கேட்க முடியாததைப் போல, காற்றில் வரும் ஒலியில் மிகப் பெரும் பங்கு நீரில் பட்டுத் திரும்பிவிடும். பரந்த செவிப்பறையில் விழுந்த விசையை ஏந்தியின் சிறிய அடியில் குவித்து, அழுத்தத்தை இருபது மடங்களவில் கூட்டிக் கொடுப்பதாலேயே நமக்குக் கேட்கிறது.

அதற்கு அப்பால் நத்தைச்சுருள். இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்டிருக்கும் அதை நீட்டினால் 35 மில்லிமீற்றர் அளவு வரும். அதனுள் ஓடும் சவ்வு அடியில் ஒடுங்கி விறைப்பாகவும், நுனியில் அகன்று தளர்வாகவும் இருக்கிறது. கீச்சென்ற உயர் மீடிறன் ஒலிகள் அடியை அதிரச் செய்கின்றன. ஆழ்ந்த ஒலிகள் நுனிவரை போகின்றன. ஹங்கேரியில் தபால், தொலைபேசித் துறையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த கியோர்க் வொன் பேகேஷி என்பவர் இதைக் கண்டு காட்டினார். 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹார்மோனியக் கட்டைகளைப் போல ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் நம் காதுக்குள் வரிசையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் நின்று அதிர்வை மின்துடிப்பாக்கி நரம்புக்குக் கொடுப்பவை மயிர்க்கலங்கள். ஒரு காதில் உள் வரிசையில் ஏறத்தாழ 3,500. வெளி வரிசைகளில் ஏறத்தாழ 12,000. விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் பத்துக் கோடிக்கும் மேல். காதுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். கோழியின் காதில் மயிர்க்கலம் இறந்தால் புதிதாக முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை. பிறக்கும்போது கொண்டுவந்த கணக்கிலிருந்து செலவழிக்க மட்டுமே முடியும்.

இளமையில் 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. வயது போகப் போக மேற்பக்கம் தேய்கிறது. எல்லா ஒலிகளும் வாசலான அடிப்பக்கத்தைத் தாண்டியே உள்ளே போக வேண்டியிருப்பதாலோ என்னவோ, முதலில் களைத்துப் போவது உயர் மீடிறனுக்குரிய அந்த இடந்தான்.

உம்மும்மாவுக்கு நடந்ததும் அதுவே. அடுப்படியில் பிரஷர் குக்கர் விசில் அடித்தால் அவருக்குத் தெரியவில்லை. முற்றத்துக் குருவிகள் இல்லாமற் போய்விட்டனவா என்று கேட்டார். ஆனால் தெருவில் லொறி போனால் கேட்டது. மாமா கதவடியில் செருமினால் கேட்டது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து கதைக்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தபடி இருப்பார். உம்மா ஒருநாள் காதோடு குனிந்து உரத்துச் சொன்னபோது அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"ஏன் மகள் கத்துறீங்க? சத்தம் கேக்குது. கதைதான் விளங்குதில்ல."

இந்த ஒரு வசனத்தில் அவர் ஒரு பாடம் முழுவதையும் சொல்லிவிட்டார் என்பது, காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் செவிச் சோதனை செய்த தாளைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. தாளின் இடப்பக்கம் தாழ்ந்த மீடிறன். வலப்பக்கம் உயர்ந்த மீடிறன். உம்மும்மாவின் கோடு 1,000 ஹேர்ட்ஸ் வரை ஓரளவு சமமாகப் போய், 2,000 ஐத் தாண்டியதும் கீழே இறங்கியது. மலையையே காணாத குடாநாட்டுப் பிள்ளை நான். முதன்முதலாகப் பார்த்த மலைச்சரிவு அதுதான்.

அந்தச் சரிவில் விழுந்தவை எவை? நாம் பேசும்போது அ, ஆ, ஒ, உ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த மீடிறன்களில், பலமாக வருகின்றன. குரல் வருகிறது, அது யாருடைய குரல், கோபமா அன்பா என்பதெல்லாம் அவற்றிலேயே தெரிந்துவிடும். ச, ஸ, ஷ, த, ஃப போன்ற மெய்யொலிகள் உயர் மீடிறன்களில், மெலிந்த காற்றாக வருகின்றன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இவையே. 'சட்டி', 'தட்டி', 'கட்டி', 'பட்டி' என்று சொல்லிப் பாருங்கள். முதல் மெய் போய்விட்டால் எல்லாமே 'அட்டி'தான். உம்மும்மாவின் காதில் பேச்சின் இசை எஞ்சியிருந்தது, எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. உரத்துக் கத்தும்போது, ஏற்கெனவே கேட்கும் உயிரொலிகள் காதை அடைக்கும் அளவுக்குப் பெருகுகின்றன. வேண்டிய மெய்கள் பின்தங்கியே நிற்கின்றன. அவர் கையைத் தூக்கித் தடுத்தது அதனால்தான்.

இனி, காதைத் தாண்டி மூளைக்கு வருவோம். உதிர்ந்த எழுத்துகளோடு உம்மும்மா எப்படி இத்தனை காலம் சமாளித்தார்?

1970இல் ரிச்சர்ட் வொரன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். பதிவு செய்த ஒரு வசனத்தில் ஒரேயோர் எழுத்தின் ஒலியை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களில் ஏறத்தாழ எல்லோருமே வசனம் முழுமையாக இருந்தது என்றனர். இருமல் எந்த எழுத்தின் மேல் விழுந்தது என்று அவர்களால் சுட்டிக்காட்டவும் முடியவில்லை. இல்லாத எழுத்தை மூளை தானே எழுதி, கேட்டதாகவே நம்பவைத்துவிட்டது. தொலைபேசியிலும் இதே வித்தைதான். வழமையான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளையே கடத்துகிறது. ஆண்களின் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 120 ஹேர்ட்ஸ். அது கம்பியில் வருவதே இல்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து சாச்சா கதைத்தால் அவருடைய கட்டைக் குரல் அப்படியே கேட்கிறது. மேலுள்ள ஒலிகளின் ஒழுங்கைக் கொண்டு, வராத அடிச்சுருதியை மூளை கணக்கிட்டுக் கொடுத்துவிடுகிறது.

கண்ணும் உதவுகிறது. 1976இல் ஹரி மக்கர்க், ஜோன் மக்டொனல்ட் என்ற இருவர், 'பா' என்ற ஒலியை 'கா' என்று அசையும் உதடுகளின் படத்தோடு சேர்த்துக் காட்டினர். பார்த்தவர்களுக்கு 'டா' என்று கேட்டது. கண்ணை மூடினால் 'பா'. திறந்தால் 'டா'. கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் அணிந்தபோது உம்மும்மாவின் காது திடீரென்று மோசமாகிவிட்டது என்று வீட்டில் பயந்தார்கள். காது அப்படியேதான் இருந்தது. கவசத்தின் துணி உயர் மீடிறன்களைச் சற்று விழுங்கியது. அதோடு, அவர் இத்தனை காலம் யாருக்கும் சொல்லாமல் வாசித்து வந்த உதடுகளையும் மறைத்தது. புத்தளத்திலிருந்து வரும் சாதாரண அழைப்பை 'நீங்களே கதையுங்க' என்று எங்களிடம் தந்துவிடும் அவர், வீடியோ அழைப்பென்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவதன் இரகசியமும் இதுவே.

எதைக் கேட்பது என்று மூளை எப்போது பழகுகிறது? தாயின் வயிற்றிலேயே. பிறக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் இருக்கும்போதே சிசுவுக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிறந்து மூன்று நாட்களுக்குள்ளான குழந்தைகளும் வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே தெரிந்தெடுத்தன. பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உலகத்துக்கு வந்தவுடன் முதலில் தயாராக நிற்பது காதுதான் என்பதை நம் முன்னோர் தம் வழியில் அறிந்திருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு காது ஊருக்கு ஏற்பக் கட்டுப்படுகிறது. 1984இல் ஜெனட் வேர்க்கர், ரிச்சர்ட் ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்டது நம்மவர்களுக்கு மிகவும் நெருங்கியது. நம் 'த'வும் 'ட'வும் போன்ற இரு ஹிந்தி ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. ஒரு வயதை நெருங்கியபோது அதே திறமை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. தேவையில்லாத வித்தியாசங்களை மூளை விட்டுவிடுகிறது.

ஓதப் பள்ளியில் நாங்கள் பட்ட பாடு இதற்குச் சான்று. அரபில் 'ஸீன்', 'ஸாத்', 'ஸா' என்று மூன்று எழுத்துகள். எங்கள் காதுக்கு மூன்றும் ஒரே 'ஸ'. தொண்டையின் நடுவிலிருந்து வரும் 'ஹா'வும் அடியிலிருந்து வரும் 'ஹா'வும் எங்களுக்கு ஒன்றுதான். முஅல்லிமா தன் வாயைக் காட்டி, நாக்கு படும் இடத்தைச் சொல்லி, நாள்தோறும் திருப்பித் திருப்பி ஓதவைத்தார். மாதக்கணக்கான பின்னர் ஒருநாள் வித்தியாசம் கேட்டது. எழுத்துகள் அப்படியேதான் இருந்தன. எங்கள் காதுகள் மாறியிருந்தன. எழுத்து எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலும் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்கிறது. தஜ்வீதும் தொல்காப்பியமும் ஒரே வாய்க்குள்தான் விரலை வைத்துக் காட்டுகின்றன. அரபுத் தமிழில் எழுதிய நம் முன்னோர், அரபில் இல்லாத நம் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டனர். இரண்டு மொழிகளையும் ஒழுங்காகக் கேட்ட காதுகளால்தான் அது முடிந்தது.

இதுவரை சொன்னது சொல் கேட்கும் கதை. ஒலி எங்கிருந்து வருகிறது என்று அறிவது இன்னொரு கதை. வலப்பக்க ஒலி வலது காதை முதலில் அடைகிறது. இடது காதை அடைய அது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் குறைவான நேரமே பிந்துகிறது. மூளை அந்த வித்தியாசத்தை அளக்கிறது. நன்றாகக் கேட்பவர்களால் செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட உணர முடியும். தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வித்தியாசமும், தலை மறைப்பதால் உயர்ந்த ஒலிகளுக்குப் பலத்தின் வித்தியாசமும் உதவுகின்றன என்று ரேலி பிரபு 1907இலேயே விளக்கினார்.

யாழ்ப்பாணத்தார் இந்தக் கணக்கை ஆய்வுகூடத்தில் படிக்கவில்லை. கோட்டை முற்றுகையிடப்பட்டிருந்த 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சோனகத் தெருவில் இருந்த உம்மும்மாவும் அயலவர்களும் காதாலேயே உயிர் காத்தார்கள். தூரத்தில் 'குத்துற' சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குவார்களாம். குத்திய சத்தத்துக்கும் வெடித்த சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் போய்விட வேண்டும். பொம்பர் எது, ஹெலி எது, அது போகிறதா திரும்பி வருகிறதா என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பலமான ஒலி வந்தால் நடுக்காதிலுள்ள ஒரு சிறு தசை இறுகி எலும்புகளை அடக்கிப் பிடிக்கும். ஆனால் அது இறுகுவதற்கு ஒரு சிறு கணம் வேண்டும். குண்டு அந்தக் கணத்தைத் தருவதில்லை. உம்மும்மாவின் தாளிலிருந்த சரிவில் வயதுக்கு எவ்வளவு, அந்த நாட்களுக்கு எவ்வளவு என்று எந்த வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி முற்பகலில் எங்கள் தெருக்களுக்குள் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்தன. முஸ்லிம்கள் எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்பது அறிவித்தல். அங்கே கூடியவர்களிடம், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். யாழ்ப்பாணம் மட்டுமன்றி மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று வடக்கிலிருந்து அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 இற்கும் அதிகம். உடைமைகளுக்கு இடமில்லை. எங்கள் குடும்பம் புத்தளத்தில் முகாம் கொட்டிலில் போய் இறங்கியது.

உம்மும்மா இதைச் சொல்லும்போது ஒரு விடயத்தை எப்போதும் சொல்வார். வாகனம் ஒழுங்கையின் அந்தப் பக்கத்தால் போனது. மதில்களில் பட்டுச் சத்தம் இரட்டித்து வந்தது. அவருக்குத் தெளிவாகக் கேட்டது 'ஜின்னா மைதானம்' என்பது மட்டுமே. மீதி உடைந்து உடைந்து வந்தது. "ஏதோ கூட்டம் எண்டுதான் எனக்குக் கேட்டிச்சு மகள். உலையில அரிசியப் போட்டுட்டுத்தான் போனன்."

வொரனின் சோதனையைப் படித்த பிறகு இந்த வசனம் என்னை நெடுநாள் விடவில்லை. உடைந்த இடத்தில் மூளை எதை நிரப்பும்? தனக்குப் பழகியதை, நடக்கக்கூடியது என்று தான் நம்புவதை. மைதானம் என்றால் கூட்டம். அப்போது அவருக்கு நாற்பது வயது கூட நிறையவில்லை, காதில் பழுதில்லை. 'ஊரை விட்டுப் போ' என்ற சொல்லை நிரப்பிக்கொள்ள அந்த மூளையில் இடமே இருக்கவில்லை. நூற்றாண்டுக்கணக்காக வாழ்ந்த தெருவில் அப்படியொரு சொல்லை யார் எதிர்பார்த்திருப்பார்?

யுத்தம் முடிந்த பின் நாங்கள் திரும்பி வந்தோம். என் சிறு வயதில் நடந்த அந்த வரவில் கூரையற்ற வீடுகளே எனக்கு நினைவிருக்கின்றன. இன்று தெருவில் மீண்டும் சத்தங்கள் இருக்கின்றன. மாலையில் பாண் விற்கும் ஓட்டோ தன் மெட்டை வாசித்துக்கொண்டு வரும். நம்மைக் கடந்து போகும்போது அந்த மெட்டின் சுருதி சற்று இறங்கும். வரும்போது ஒலியலைகள் நெருங்கியும், போகும்போது விரிந்தும் வருவதன் விளைவு அது. நாடெங்கும் பாண் மெட்டாகிவிட்ட அந்த இசை 'எலிஸுக்காக' என்பது. 1810இல் பேத்தோவன் அதை எழுதியபோது அவருடைய செவி ஏற்கெனவே பல ஆண்டுகளாகப் பழுதாகிக்கொண்டிருந்தது. உம்மும்மாவுக்கும் பாண் ஓட்டோ கேட்கும். ஆனால் அதைவிட நன்றாகக் கேட்பது ஒன்றுண்டு. வாகனத்தில் கட்டிய ஒலிபெருக்கி. அந்தக் கூம்பு ஒலிபெருக்கி, மனிதக் குரல் வீதியில் தூரம் போவதற்காக நடுத்தர மீடிறன்களையே உரத்துத் தள்ளுவது. அவருடைய தாளில் இன்னும் எஞ்சியிருக்கும் பகுதியும் ஏறத்தாழ அதுவே. லொத்தர் விற்கும் வாகனமாக இருக்கலாம், தேர்தல் பிரசாரமாக இருக்கலாம். தூரத்தில் அந்தக் குரல் எழுந்ததும் அவர் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிடுவார். வெளியே போய்ப் பார்த்து, "லொத்தர் வாகனம் உம்மும்மா" என்று நான் அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்ன பிறகே கை மீண்டும் அசையும். பேரப்பிள்ளைகளின் குசுகுசுப்பை எடுத்துக்கொண்ட முதுமை, அந்தச் சத்தத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. ஆபத்தோடு இணைந்துவிட்ட ஒலியை, என்ன ஏது என்று யோசிக்கும் முன்னரே மூளையின் அச்சமுணரும் பகுதி அடையாளம் கண்டு உடலைத் தயாராக்கிவிடும் என்று பின்னர் படித்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்தப் பகுதிக்கு ஒக்டோபர் முடியவில்லை.

செவிப்புலன் கருவி பொருத்தலாம் என்றார் வைத்தியர். இன்றைய கருவிகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. தாளிலுள்ள சரிவைப் பார்த்து, விழுந்த இடத்தை மட்டும் தூக்கிவிடக் கூடியவை. ஆனாலும் கண்ணாடி போட்டவுடன் தெரிவதைப் போல உடனே கேட்டுவிடாது. பல காலம் கேட்காதிருந்த ஒலிகளை மூளை மீண்டும் பழகச் சில வாரங்களாவது வேண்டும். உம்மும்மாவுக்கு முதல் வாரம் தண்ணீர்க் குழாயின் சத்தமும் பொலித்தீன் பையின் சரசரப்பும் தாங்கமுடியாதவையாக இருந்தன. கழற்றி வைத்தார். பிறகு காலையில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று பழகினார். இப்போது குக்கர் விசிலை எண்ணுகிறார்.

கருவியால் முடியாத காதுகளும் உண்டு. மயிர்க்கலங்களே இல்லாதவர்களுக்கு நரம்பை நேரடியாக மின்னால் தூண்ட வேண்டும். அவுஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க், செவிப்புலன் குறைந்த ஒரு தந்தையின் மகன். 1977இல் கடற்கரையில் இருந்தபோது ஒரு சிப்பியின் சுருளுக்குள் புல்லின் இதழைச் செலுத்திப் பார்த்து, நுனி மெலிந்தும் அடி விறைத்தும் இருந்தால் சுருளுக்குள் ஆழமாகப் போகும் என்று கண்டார். மறு ஆண்டே அவருடைய பல மின்வாய்க் கருவி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இங்கே கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலையில் செவிப்புலனற்ற பிள்ளைகள் கைகளாலும் கண்களாலும் படிக்கிறார்கள். கேட்டல் என்பது விளங்கிக்கொள்வதற்கான ஒரு வழி. அதுவே ஒரேயொரு வழி அல்ல என்பதற்கு அவர்களே சாட்சி. 'செவிடு' என்ற சொல்லை வசைச்சொல்லாகப் பயன்படுத்தும் முன் அவர்களை நினைத்துக்கொண்டால் நல்லது.

சகோதரிகளே, நம் காதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்பது தொழிற் பாதுகாப்பில் பின்பற்றப்படும் ஓர் அளவு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 டெசிபலில் கால் மணித்தியாலந்தான். இயர்போனை முழுச் சத்தத்தில் வைத்து பஸ்ஸில் ஒரு பயணம் போனாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். முளைக்காத கலங்கள் என்று மேலே சொன்னதை மறவாதீர்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. செவிப்புலன் குறைவு முதுமையின் மறதி நோய்க்கு இட்டுச்செல்லும் காரணிகளில் ஒன்று என்று மருத்துவ ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். அது கவனித்தால் தணிக்கக்கூடிய காரணி என்பதும் அவர்கள் சொல்வதே. கேட்காதவர் கூட்டத்திலிருந்து விலகுகிறார். விலகியவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்கப்படாத நினைவுகள் உதிர்கின்றன. 1990ஐ முதிர்ந்த வயதில் கண்டவர்கள் இப்போது நம் வீடுகளின் மூலைக் கதிரைகளில் இருக்கிறார்கள். அந்த ஒழுங்கைகளில் யார் யார் இருந்தார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் இனித்தது, போகும்போது எதை வைத்துவிட்டுப் போனார்கள் என்பது அவர்களிடம் மட்டுமே உண்டு. திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் இருக்க, கேள்விக்கும் ஓர் அதிகாரம் தனியே இருப்பது வீணுக்கல்ல.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். அவருக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிற்காமல், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் எதிரே இருங்கள். பெயர் சொல்லி அல்லது கையைத் தொட்டு அழைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒருவர் மட்டும் கதையுங்கள். கத்த வேண்டாம், மெதுவாக, சொற்களுக்கு இடையில் இடம் விட்டுக் கேளுங்கள். விளங்காவிட்டால் அதே வசனத்தைத் திருப்பாமல் வேறு சொற்களால் கேளுங்கள். உதிர்ந்த எழுத்துகளை ஒன்றுசேர்த்துக்கொள்ள அந்த மூளைக்கு நம்முடையதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். பதில் வரத் தாமதமாகும். பொறுத்திருங்கள்.